எந்த மூட்டை யாருது?



எங்க வீட்ல பத்தாவதைத் தாண்டினது நான்தான் முதல். அதனால் இறுதியாண்டு பிராஜெக்ட்டுக்கு ‘பேரலல் புரோகிராம்’ என்று தலைப்புக் கொடுத்தபோது, விளக்கம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. நான்தான் வீட்டுக்கு விளக்க வேண்டியிருந்தது!

விஷயம் இதுதான். ஒரு வேலையை நாலு பங்காக்கி நாலு கணினியிடம் கொடுப்பது. நானும் என் அரியலூர் நண்பனும் லேபில் கிடந்த நாலு பழைய கணினிகளை ஒயரால் இணைத்தோம். 1 முதல் 10 லட்சம் வரை எத்தனை பகா எண்கள் என்று எண்ணச் சொன்னோம். 78,498 என்று வந்தது. சரியான விடை! ‘நான்கு கணினிகளில் இயங்கியது’ என்று ரிப்போர்ட் எழுதி பைண்டிங்கும் போட்டாச்சு.

அந்த ஞாயிறு, செட்டிகுளம் பக்கத்தில் இருக்கிற எங்க ஊருக்குப் போனேன். சின்ன வெங்காயம் ஏற்றும் நேரம். நாலு வீட்டு மூட்டைகளும் ஒரே வண்டியில் திருச்சி மார்க்கெட்டுக்குப் போகும். அப்பா ஒவ்வொரு மூட்டையிலும் மையால் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“எதுக்குப்பா? எல்லாம் வெங்காயந்தானே?”

“அழுகுனது வந்தா யாருதுன்னு மூட்டைதானே சொல்லணும்? ஆமா, ஒன் நாலு பொட்டியும் வேல செஞ்சிச்சின்னு நீ எப்பிடிக் கண்டுபுடிச்ச?”

சுருக்கென்றது. விடை சரி. ஆனால் எந்தப் பெட்டி போட்ட கணக்கு?

திங்கட்கிழமை புத்தகத்தைப் புரட்டினோம். இவ்வகைப் புரோகிராம்களுக்கான எம்.பி.ஐ. என்ற பொதுவிதி 1994-ல் வந்தது. அதில் ஒவ்வொரு பங்குக்கும் 0, 1, 2, 3 என்று ‘ரேங்க்’ உண்டு. நாங்கள் அதை மட்டுமே அச்சிட்டிருந்தோம். ரேங்க் என்பது பங்கின் எண். கணினியின் அடையாளம் அல்ல! ஓடுகிற கணினியின் பெயரைக் கேட்க ‘கெட் பிராசஸர் நேம்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது. அதைச் சேர்த்து ஓட்டினோம். நாலு வரியிலும் ஒரே பெயர்! கணினிகளின் பட்டியலை நாங்கள் கொடுக்கவே இல்லை. அதனால் நாலு பங்கையும் ஒரே கணினி சுமந்திருக்கிறது. மற்ற மூன்றும் சும்மா இருந்திருக்கின்றன.

பட்டியல் கொடுத்தோம். மூன்று பெயர்கள் வந்தன. நாலாவது கணினிக்குள் நெட்வொர்க் வழியாக நுழையவே முடியவில்லை. மறுநாள் வைவா. “விடை சரிதானேடா, விட்டுடு, யாருக்குத் தெரியப்போகுது?” என்றான் நண்பன். அவன் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். “எடைமேடையில லாரி நம்பர் எழுதாம உங்கப்பாவை விடுவாங்களா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டான். பைண்டிங்கைப் பிரித்து ‘மூன்று’ என்று திருத்தினோம். இன்னொரு பைண்டிங் கூலி, மதியச் சாப்பாட்டுக் காசில் போனது.

நமக்குப் பக்கத்திலேயே, திருச்சி என்.ஐ.டி.யில், ‘பரம் பொருள்’ என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 2022-ல் தொடங்கப்பட்டது. அதன் திறன் 838 டெராஃபிளாப்ஸ். அதுவும் பல கணினிகள் கூடி இழுக்கிற தேர்தான். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒன்று பழுதானால், பெயர் அச்சிட்டிருந்தால் எது என்று கண்டுபிடிப்பது எளிது.

வைவாவில் நடந்ததை அப்படியே சொன்னோம். “நாலாவது ஏன் வரலை?” என்று கேட்டார்கள். தெரிந்தவரை சொன்னோம். மதிப்பெண் இன்னும் வரவில்லை.

தம்பி தங்கைகளே, விடை சரியாக வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். வேலை செய்தது யார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூட்டையில் எழுத்து முக்கியம்!