மொரிஷியஸ்: மலையும் படிக்கட்டும்

மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் அமைந்த மொரிஷியஸ் தீவைப் பூலோகச் சொர்க்கம் என்பர். சென்று கண்ட நானும் அதனை மறுக்கமாட்டேன். பவளப் பாறைகள் அரண் செய்ய, கரையோரக் கடல் குளமெனத் துயில்கிறது. ஷமரேல் என்னுமிடத்தில் எரிமலைப் பாறை சிதைந்து, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளால் ஏழு வண்ண மண்மேடாய்க் காட்சி தருகிறது.

ஆயினும் என் நெஞ்சில் நிலைத்தவை வேறு இரண்டு. ஒன்று, தென்மேற்கு முனையில் 556 மீட்டர் உயர்ந்து நிற்கும் லெ மோர்ன் மலை. அதன் அடிவாரக் கடற்கரையில் இன்று சுற்றுலாப் பயணிகள் வெயில் காய்கின்றனர். அம்மலைக் குகைகளிலோ, தப்பியோடிய அடிமைகள் முன்னொரு காலத்தில் ஒளிந்து வாழ்ந்தனர். 1835இல் விடுதலைச் செய்தி கூறவந்த காவலரைத் தம்மைப் பிடிக்க வந்தோரென அஞ்சி, பலர் பாறையினின்று குதித்து மாண்டனர் என்பது அங்கு வழங்கும் செவிவழிச் செய்தி.

மற்றொன்று, தலைநகர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் அப்ரவாசி காட். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாய் அத்தீவில் வந்திறங்கினர். சென்னையில் கப்பலேறிய தமிழரும் அவருள் அடங்குவர். அவர்கள் மிதித்தேறிய கற்படிகளின் முன் சிறிது நேரம் பேச்சற்று நின்றேன்.

பிப்ரவரி 1 அடிமை ஒழிப்பு நாளாகவும், நவம்பர் 2 ஒப்பந்தத் தொழிலாளர் வருகை நாளாகவும் அங்கு நினைவுகூரப்படுகின்றன. அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்தைக் கண்டபோது, கரும்புத் தோட்டங்களில் சிந்திய வியர்வை வீண்போகவில்லையென்று மனம் ஆறினேன்.

இளைஞர்களே! தீவுகளைக் காணச் செல்லுங்கள். அழகைக் கண்டபின், அங்கு உழைத்து மடிந்தவர் யாரென்றும் கேளுங்கள்.