இருபத்தேழு வருஷம் சும்மா இருந்தேனா?

கோர்ட்டுப் பக்கத்துக் கடையில் டைப் அடிக்கும் அந்தப் பையன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அன்றைக்கு இருந்தது.

விஷயம் இதுதான். 2025 ஜூன் மாதம், என் நாற்பத்து நாலாவது வயதில், பட்டப் படிப்புக்கு மனுப் போட்டேன். சமூகப் பணிப் படிப்பு. வீட்டில் இருந்தபடியே படிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்புக்குப் போய் வந்தால் போதும். என் பிளஸ் டூ மார்க் ஷீட் 1998-ல் வாங்கியது. 1200-க்கு 871. டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் தொட்டால் கிழிந்துவிடும் போல இருந்தது.

அது மட்டும் போதாது என்றார்கள். இன்னும் இரண்டு காகிதம் வேண்டுமாம். ஒன்று, படிப்பை விட்ட நாளிலிருந்து இன்றுவரை வேறெங்கும் படிக்கவில்லை என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி வக்கீலிடம் சீல் வாங்கிய உறுதிமொழி. இன்னொன்று, ஒரு பக்கம். என் கையெழுத்தில், என் சொந்த வார்த்தையில், நான் யார், இத்தனை வருஷம் என்ன செய்தேன், இந்த வயதில் இந்தப் படிப்பு எதற்கு என்று எழுதித் தர வேண்டும்.

முதல் காகிதம் சுலபம் என்று நினைத்தேன்.

"எத்தினி வருஷம் கேப்பு அக்கா?" என்று கேட்டான் பையன்.

"தொண்ணூத்தெட்டிலேர்ந்து."

"அம்மாடி!" என்றவன், என்னிடம் வேறு ஒன்றும் கேட்காமல் கடகடவென்று அடித்து நீட்டினான். வாசித்துப் பார்த்தேன். மேற்படி காலத்தில் எந்தக் கல்வி நிலையத்திலும் பயிலவில்லை என்றும், எந்தப் பணியிலும் இல்லை என்றும், வீட்டில் சும்மா இருந்து வந்தேன் என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்...

"தம்பி, இந்த சும்மாவை மட்டும் எடுத்துடுப்பா."

"எல்லாருக்கும் இப்டித்தாங்கா அடிக்கிறது. வேலைக்குப் போவலன்னு அர்த்தம். ஒண்ணும் ஆவாது."

எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். கையெழுத்துப் போட்டேன். சீல் விழுந்தது. பஸ்ஸில் வரும்போது அந்த ஒரு வார்த்தை மட்டும் நெருஞ்சி முள்ளாக உறுத்திக்கொண்டே வந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகக்கூட இருக்கும். திருவண்ணாமலையில் சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியமா? அருணகிரிநாதரைப் பார்த்து முருகப்பெருமான் 'சும்மா இரு' என்றுதான் உபதேசம் செய்ததாகச் சொல்வார்கள். 1896-ல் இங்கே வந்த ரமண மகரிஷி பேசாமல் உட்கார்ந்திருந்தே உலகத்தை இந்தப் பக்கம் திரும்ப வைத்தார். ஆனால் ஒன்று. 1916-ல் அவருடைய அம்மா அழகம்மாள் மலைமேல் வந்து தங்கிய பிறகுதான் அங்கே அடுப்பு மூட்டிச் சமையல் என்று ஒன்று ஆரம்பித்தது. யார் சும்மா இருந்தாலும் அடுப்பு சும்மா இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்!

சரி, அந்தக் காகிதம் போகட்டும். எழுத வேண்டிய ஒரு பக்கத்துக்கு வருகிறேன்.

மூன்று நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் வந்தது பள்ளிக்கூடக் கட்டுரைதான். கல்வியின் பெருமை, பெண்ணின் முன்னேற்றம், சிறு வயது முதலே எனக்கிருந்த தணியாத ஆர்வம்... மகளிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு 22 வயது. வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். "அம்மா, இதுல பேரை மாத்திட்டா எதிர் வீட்டு அக்காகூட அனுப்பலாம்" என்று சிரித்தாள். கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது நிஜம். அதில் நானே இல்லை.

இரண்டாவது தடவை எழுதியது வேறு மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு எழுதினேன். அப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பாதது, வேலூருக்கு ஹாஸ்டலில் அனுப்ப மாட்டேன் என்று பாட்டி அழுதது, பரீட்சை எழுதின அடுத்த வருஷமே கல்யாணம் முடிந்தது... நாலு பக்கம் போயிற்று. அழுதுகொண்டே எழுதினேன் என்பதையும் மறைப்பானேன்? காலையில் எழுந்து படித்தால், நாலு பக்கத்திலும் அப்பாதான் இருக்கிறார், பாட்டிதான் இருக்கிறாள். மறுபடியும் என்னைக் காணோம்! அதை அடுப்பில் போடவில்லை, பீரோவில் வைத்திருக்கிறேன். அது மனுவோடு சேர்க்க வேண்டியது இல்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணன் மகளிடம் வாட்ஸ்அப்பில் புலம்பினேன். அந்த ஊரில் கல்லூரிக்கு மனுப் போடும் எல்லோருமே இப்படி எழுதித்தான் ஆக வேண்டுமாம். 21 வயதைத் தாண்டி முதல் பட்டத்துக்குச் சேர்ந்தாலே 'முதிர்ந்த மாணவர்' என்று பெயராம். அந்தக் கணக்கில் நான் கொள்ளுப் பாட்டி! முன்பெல்லாம் ஒரே கட்டுரையாகக் கேட்டார்களாம். 2026-ல் சேருகிறவர்களிலிருந்து மூன்று கேள்வியாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பு ஏன்? இதுவரை படித்தது இதற்கு எப்படி உதவும்? மூன்றாவதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. படிப்புக்கு வெளியே நீங்கள் செய்த எது உங்களை இதற்குத் தயார் செய்திருக்கிறது?

பரணிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன்.

2014-ல் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. 2020 வரை, ஆறு வருஷம், படுக்கைதான். பிறகு விழுங்கவும் முடியாமல் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தபடி, மகனின் பழைய லாங் சைஸ் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். காலை 6 மணி, கஞ்சி 200 மில்லி. 8 மணி, இடது பக்கம். 10 மணி, வலது பக்கம். சுகர் 186. குதிகால் சிவந்திருக்கிறது. இப்படியே பக்கம் பக்கமாக, ஐந்து நோட்டு.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று, தோல் சிவந்து, பிறகு புண்ணாகிவிடும். இடுப்பு, முதுகுத் தண்டின் அடி, குதிகால் இவைதான் முதலில் கெடும். குழாயில் ஊட்டும்போது தலைமாட்டை நன்றாகத் தூக்கி வைத்து, ஊட்டி முடித்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே சாய்த்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆகாரம் மேலே வந்து மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். இதெல்லாம் எனக்கு முதலில் தெரியாது. அத்தைக்கு முதல் வருஷமே இடுப்புக்குக் கீழே புண் வந்துவிட்டது. என் அறியாமைதான் காரணம். ராத்திரி முழுக்கத் திருப்பாமல் தூங்கியிருக்கிறேன். ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகு போய்ச் சேருகிற வரைக்கும் ஒரு புண் இல்லை.

எங்கள் தெருவிலேயே பிறகு மூன்று வீட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். எப்படித் திருப்புவது, எப்படி ஊட்டுவது என்று போய்க் காட்டிவிட்டு வருவேன். ஒரு வீட்டில் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தூங்கி நாலு மாசம் ஆச்சுக்கா" என்றாள். அவளுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நோயாளிக்குச் செய்யத் தெரிந்தது, பார்த்துக்கொள்கிறவளுக்குச் செய்யத் தெரியவில்லை.

இதைத்தானே எழுத வேண்டும்! ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. எத்தனை வருஷம், எத்தனை நோட்டு, என்ன தவறு செய்தேன், பிறகு என்ன கற்றுக்கொண்டேன், யாருக்காகப் படிக்கப் போகிறேன். வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு எங்கள் வீட்டில் வந்து இறங்கும் இருபது சொந்தக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டதையும் ஒரு வரி சேர்க்கலாமா என்று பார்த்தேன். அந்த ஒரு வாரத்துக்கு இடம், தண்ணீர், பாத்ரூம் முறை எல்லாம் நான்தான் கட்டி மேய்ப்பேன். ஆனால் கேட்டதற்குச் சம்பந்தம் இல்லை என்று விட்டுவிட்டேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆயிரம் இருக்கும். ஒரு பக்கத்தில் ஒன்றுதான் நிற்கும்.

கடைசியில் இரண்டு வரி எழுதினேன். எனக்கு ஆங்கிலம் சுமாராகத்தான் வரும். தினம் காலை நாலரையிலிருந்து ஆறு வரை படிக்க நேரம் இருக்கிறது. மகள் முதல் வரியை எடுக்கச் சொன்னாள். அம்மாவுக்குக் குறைந்துவிடுமாம். நான் எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். "படி, வேணாங்கலை. சீட்டு கிடைக்கிற வரைக்கும் கடைப் பக்கம் யாருக்கும் சொல்லாதே" என்றார். கிடைக்காவிட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம். எனக்கும் அது இல்லாமல் இல்லை.

நம் சென்னைக்கு இது புதிதும் இல்லை. சகோதரி சுப்புலட்சுமி 1911-ல் பி.ஏ. முடித்தார். சிறு வயதில் விதவையான பெண். மறு வருஷமே தன்னைப் போன்ற விதவைகள் தங்கிப் படிக்க இல்லம் தொடங்கினார். துர்காபாய் தேஷ்முக் சிறையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் மெட்ரிக் எழுதி, பிறகு வக்கீலுக்கும் படித்தார். படிப்பை விட்ட பெண்களைச் சென்னையில் சேர்த்து வைத்து மெட்ரிக்குக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய சமூக நல வாரியத்தின் தலைவியாக இருந்து, வயது வந்த பெண்கள் குறுகிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கும் திட்டத்தையும் கொண்டு வந்தார்.

நான் மனுப் போட்ட சேதி எப்படியோ கசிந்து, பக்கத்துத் தெரு சிநேகிதி ஒருத்தி ஓடி வந்தாள். அவள் எட்டாவதோடு நின்றவள். "பத்தாவது, பிளஸ் டூ எல்லாம் இல்லாமலே நேரா டிகிரி தராங்களாமே?" என்றாள். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள், சகோதரிகளே. பத்தாவதும் பிளஸ் டூவும் முறையாகத் தேறாமல் திறந்தவெளி முறையில் நேராக வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தமிழக அரசும் அதே வருஷம் ஆணை போட்டது. பணத்தையும் மூன்று வருஷத்தையும் கொடுத்துவிட்டுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம், பிறகு பிளஸ் டூ எழுதலாம். நாற்பது வயதானால் என்ன, எழுதக் கூடாதென்று யாரும் தடுக்கப் போவதில்லை. அவள் இப்போது என்னிடம் கணக்குப் படிக்க வருகிறாள். கணக்கு எனக்கே தகராறு, அது வேறு கதை.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நோட்டுகளை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். தலை நரைத்த ஓர் அம்மையார் என் பக்கத்தைக் கையில் வைத்திருந்தார்.

"இங்கிலீஷ் சுமார்னு எழுதியிருக்கீங்களே. பாடத்துல வந்தா என்ன பண்ணுவீங்க?"

"டாக்டர் சீட்டைப் படிச்சு மருந்து வாங்கினவ மேடம். அகராதி வச்சுக்கிட்டுப் படிச்சுடுவேன்."

அவர் சிரித்தார். "நோட்டு எழுதினேன்னு சொல்லியிருக்கீங்க, இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். நிதானமாகப் புரட்டினார். ஒரு இடத்தில் நின்று, "இங்கே மட்டும் எழுத்து கோணிக்கிட்டுப் போகுதே?" என்றார்.

"ராத்திரி ரெண்டு மணி, நாலு மணி மேடம். தூக்கக் கலக்கத்துல எழுதினது."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் வாங்கிய அந்த முத்திரைத்தாளை எடுத்துப் பார்த்தார். எனக்குப் பக்கென்றது. என் கையெழுத்துப் பக்கத்தை அதற்கு மேலே வைத்து, இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து, ஃபைலில் போட்டுக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து இடம் கிடைத்ததாகச் செய்தி வந்தது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அரைக் கிலோ துவரம் பருப்பு வாங்க வந்தவர்கூட என் படிப்பைக் கேட்டுக்கொண்டுதான் போனாராம்! அவர்கள் சனிக்கிழமை ராத்திரி மாவு அரைப்பது யார், ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி ஊற்றுவது யார் என்பதுதான் வீட்டில் இன்னும் தீர்மானமாகவில்லை. மகன் தோசை வார்க்கிறேன் என்கிறான். பார்ப்போம்.