நாற்றங்கால் அறம்

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் பொழுது குளிரோடு புலர்கிறது. நிழல்வலைக் குடிலின் குழித்தட்டுகளில் முட்டைக்கோஸ் நாற்றுகள் அணிவகுத்து நிற்கின்றன. இலைகளின் விளிம்பில் முத்துமுத்தாக நீர்த்துளிகள். காண்போர் அவற்றைப் பனித்துளிகள் என்றே கருதுவர். நாற்று வளர்ப்பவரோ அவற்றுள் பல செடியிலிருந்தே கசிந்தவை என்பதை அறிவார். செடி தன்னிடம் மிகுந்த நீரை இரவில் இலைவிளிம்பின் நுண்துளைகள் வழியே வெளியேற்றுகிறது. கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியா செடிக்குள் புகுவதும் அந்த வாயில்கள் வழியேதான்.

1819ஆம் ஆண்டு கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தார். அதன்பின் ஐரோப்பியக் காய்கறிகள் இம்மலையில் வேரூன்றின. முட்டைக்கோஸும் அவற்றுள் ஒன்று. விதை கடல் கடக்கும்போது விதையில் உறையும் நோயும் உடன் கடக்க வல்லது. அமெரிக்காவின் அயோவாவில் பம்மெல் என்னும் அறிஞர் 1895இல் இந்நோய்க்குக் காரணம் பாக்டீரியாவே என விளக்கினார். தாவரங்களுக்கும் பாக்டீரியாவால் நோய் வரும் என்பதைப் பலர் ஏற்கத் தயங்கிய காலம் அது.

நோயுற்ற இலையின் விளிம்பில் மஞ்சள் நிற முக்கோணம் தோன்றும். அதன் கூர்முனை நடுநரம்பை நோக்கியிருக்கும். நரம்புகள் கறுக்கும், தண்டைக் குறுக்கே அரிந்தால் கரிய வளையம் தெரியும். அந்நிலையில் செடியைக் காக்கும் மருந்து இல்லை.

‘விளையும் பயிர் முளையிலேயே தெரியும்’ என்பது பழமொழி. இந்நோயோ முளையில் தெரிவதில்லை. வெப்பம் மிகும்போதே அதன் அறிகுறிகள் விரைந்து வெளிப்படும். குளிரில் பாக்டீரியா செடிக்குள் ஓசையின்றி ஒளிந்திருக்கும். எனவே, மலைக்குளிரில் பசுமையாகத் தோன்றும் நாற்று வயலுக்குச் சென்றபின் வாடக்கூடும். கடன்பெற்று உழுது, உரமிட்டு, ஆயிரக்கணக்கில் நாற்று வாங்கி நட்ட உழவரின் ஒரு பருவ உழைப்பு அதனோடு வீணாகும்.

ஆதலின் காவல் விதையிலேயே தொடங்க வேண்டும். விதைகளைத் துணியில் முடிந்து, 50 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஏறத்தாழ அரைமணி நேரம் அமிழ்த்தி, குளிர்நீரில் ஆற்றி, நிழலில் உலர்த்துவர். வெப்பம் குறைந்தால் கிருமி பிழைக்கும். கூடினால் விதை மடியும். வெப்பமானியின் மீது வைத்த கண்ணை அப்போது எடுத்தல் ஆகாது.

அடுத்தது தூய்மை. பழைய குழித்தட்டுகளைக் கழுவி, கிருமிநீக்கம் செய்த பின்னரே மீண்டும் பயன்படுத்த வேண்டும். முன்பு பயன்படுத்திய தென்னை நார்க்கழிவை நிரப்புதல் கூடாது. பூவாளியிலிருந்து விசையுடன் விழும் நீர் ஓர் இலையின் கிருமியை அடுத்த இலைக்குத் தெறிக்கச் செய்யும். ஆகவே, மெல்லெனக் காலையிலேயே நீர் ஊற்றினால் மாலைக்குள் இலைகள் உலர்ந்துவிடும். ஈர இலைகளைத் தொடுவதும் தவிர்க்கத்தக்கது. கடுகுக் குடும்பக் களைகளும் நோய்க்குப் புகலிடம் தருவதால் அவற்றைக் களைதல் இன்றியமையாதது.

சமவெளியின் தக்காளி நாற்றங்கால்களுக்கும் இந்நெறி பொருந்தும். தக்காளியின் பாக்டீரியா இலைப்புள்ளி நோய் விதை வழியே வருவது. வாடல் நோய் மண்ணிலும் நீரிலும் வாழ்வது. பகை வேறாயினும் தூய விதை, தூய தட்டு, தூய நீர், தூய கை என்னும் நான்குமே அரண்.

98 குழிகள் கொண்ட தட்டில் ஒரே நாற்றில் ஐயம் தோன்றினும், நேர்மையாளர் அத்தட்டு முழுவதையும் அகற்றுகிறார். அருகிலிருந்த தட்டுகளைத் தனியே பிரித்து வைக்கிறார். எஞ்சிய நாற்றுகள் நலமாகவே தோன்றும். அவற்றை விற்றாலும் வாங்குபவர் அன்று அறியமாட்டார். அவ்விழப்பை அவர் தாமே ஏற்பதால் முகமறியா உழவர் ஒருவரின் வயல் பிழைக்கிறது. அந்த உழவர் தமக்கு நேரவிருந்த தீங்கை ஒருபோதும் அறியப்போவதில்லை.