கால் கணக்கு

பாவூர்சத்திரம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை. "அண்ணாச்சி, லெக் பீஸா பாத்துப் போடுங்க."

எல்லாருக்கும் கால்தான் வேண்டும்.

வெந்த பிராய்லர் காலில் எலும்பை ஒட்டிக் கறுப்பு. வேகவில்லை என்று தட்டைத் தள்ளுகிறார்கள். வெந்ததுதான். ஆறு வார எலும்பில் நுண்துளை அதிகம். மஜ்ஜை கசிந்து கறுக்கிறது.

நாட்டுக்கோழி எலும்பு பல்லைப் பதம் பார்க்கும். இது மாவு.

கனடா, ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம். 1957, 1978, 2005ஆம் ஆண்டுகளின் வம்சக் குஞ்சுகள். ஒரே தீனி போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாள் எடை: 905 கிராம். 1,808. 4,202.

எடை ஏற ஊசி போடுகிறார்கள் என்று டீக்கடையில் இன்னும் பேச்சு. ஊசி இல்லை, வம்சம். யாரிடம் சொல்ல?

கால் பீஸ் எலும்பின் மேல்முனை. சில கோழிகளுக்கு அங்கே குருத்தெலும்பு இறுகாமல் அப்படியே திரண்டு நின்றுவிடும். மேலே நெஞ்சுக்கறி ஏறிக்கொண்டே இருக்கும்.

பண்ணையில் இதற்கு நோய்ப்பெயர் கிடையாது. "காலு விழுந்துட்டு." அவ்வளவுதான்.

இனம் பெருக்கும் கம்பெனிகள் கையடக்க எக்ஸ்ரே வைத்துக் காலைப் பார்க்கின்றன. குருத்தெலும்பு தெரிந்தால் அந்தச் சேவலுக்கு வாரிசு கிடையாது, எடை எத்தனை இருந்தாலும்.

பெண் பார்க்கும் முன் எக்ஸ்ரே. நல்ல வழக்கம்.

ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககத்தின் வனராஜா. தகப்பன் வழியில் அவர்கள் தேர்ந்தெடுப்பது கணைக்கால் நீளத்தை. ஆறாவது வாரம் அளக்கிறார்கள். புறக்கடைக் கோழி அல்லவா, நாய், கீரி, பருந்து எல்லாவற்றிடமிருந்தும் தப்பி ஓட வேண்டும். கால் நீண்டால் எடையும் கூட வருகிறதாம்.

பிராய்லர் எங்கே ஓட? தீனித் தட்டு நாலு எட்டில்.

ராத்திரி சில மணி நேரம் விளக்கை அணைத்தால் கால் கோளாறு குறைகிறது. விளக்கு எரிந்தால் தின்னும். தின்றால் எடை. மின்வெட்டுக் காலத்துக் கோழிகள் நன்றாக நடந்திருக்குமோ?

ஆனி, ஆடி. செங்கோட்டைக் கணவாய்க் காற்று. குற்றாலத்தில் சீசன், எண்ணெய்க் குளியல், பரோட்டா. இங்கே கொட்டகைத் தரையில் தேங்காய் நார்த்தூள் நனைகிறது. நனைந்தால் பாதம் புண்ணாகும். படுதாவை இறக்கினால் அம்மோனியா கண்ணைக் கரிக்கும். ஏற்றினால் சாரல்.

அசில். நம்மூர்ச் சண்டைச் சேவல். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வாலில் கலந்து வளர்த்தார்கள். 'இந்தியன் கேம்' என்று பெயர். பிறகு கார்னிஷ். அகன்ற நெஞ்சு, தடித்த கால்.

1948, அமெரிக்கா, 'நாளைய கோழி' போட்டி. ஜெயித்தது கார்னிஷ் கலப்பு. பிராய்லரின் முன்னோர்.

வளர்ப்புக் கூலி கிலோவுக்கு. கடையிலும் கிலோவுக்கு.

அண்ணாச்சி பாதத்தை மட்டும் வெட்டி வாளியில் போடுகிறார். கேட்டால் சும்மா தருவார். பெரும்பாலும் நாய் வளர்க்கிறவர்கள் கேட்கிறார்கள்.