எந்த ஊரு பிள்ள நீ?

செம்பூர், மும்பை
ஜூன் கடைசி

ஏட்டி,

வெள்ளிக்கிழமை நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதென்று நீ போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்ததிலிருந்து எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. இங்கேயும் மழைதான். ஆனால் நனைய ஆசை வராத மழை. துவைத்துப் போட்ட சுடிதார் காய்வதே இல்லை. அரை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஹார்பர் லைன் ரயிலில் ஏறி, நெரிசல் சூட்டில் உலர்த்திக்கொள்ள வேண்டியதுதான். காற்று திரும்பினால் தேவனார் குப்பைமேட்டு நாற்றம் ஜன்னல் வழியே வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். 1927-லிருந்து அங்கே குப்பை கொட்டுகிறார்களாம்.

வடநாட்டுக்குப் போகிறேன், இந்தி பழகி வருகிறேன் என்று உன்னிடம் எவ்வளவு பீற்றினேன்! ஆட்டோக்காரரிடம் நேரே போ, நிறுத்து என்று சொல்லும் அளவுக்கு வந்திருக்கிறது. மற்றபடி என் திருநெல்வேலித் தமிழ்தான் இன்னும் கெட்டிப்பட்டுப் போனது. கோடைப் பயிற்சிக்கு என்னைப் போட்ட இடம் தாராவி. ஊரை விட்டு ஓடிவந்தவளைப் பிடித்து ஊருக்குள்ளேயே கொண்டுவந்து விட்ட மாதிரி.

‘நாயகன்’, ‘காலா’ இரண்டையும் பார்த்துவிட்டு இறங்கியவள் நான். இங்கே எனக்கு வாய்த்தது தாதாக்கள் இல்லை, மாவரைப்பவர்கள். ஆனால் இந்தக் கோடை முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரே ஒரு கேள்வி: எந்த ஊரு?

செம்பூரில் தங்கியிருக்கும் வீட்டு மாமிதான் ஆரம்பித்து வைத்தார். பூர்வீகம் பாலக்காடு. “திருநெல்வேலின்னா எந்தப் பக்கம்? டவுனா, கிராமமா?” அடுத்து, “ஆத்துல என்னெல்லாம் சமைப்பேள்?” வீட்டுக்குள் முட்டை கூடாது என்ற சட்டத்தை வாசிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. குறை சொல்லக்கூடாது, காய்ச்சலில் கிடந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தார். சேடா நகர் முருகன் கோயிலுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனார். ஆனாலும் அந்தக் கேள்வி என் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மாட்டுங்காவில் கேள்வியே கிடையாது. கேட்காமலே முடிவு கட்டிவிடுவார்கள். கூடப் பயிற்சியில் இருக்கும் மராத்திப் பெண், “உன் ஊர்ச் சாப்பாடு வாங்கித் தருகிறேன்” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ் சர்க்கிளுக்கு இழுத்துப் போனாள். கஃபே மைசூர் 1936, ராம் ஆஷ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940. எண்பது தாண்டிய கிழங்கள், இன்னும் வாசலில் கூட்டம். இவற்றை நடத்துவோரின் பூர்வீகம் பெரும்பாலும் கன்னடக் கரை என்று சொன்னால் அவள் நம்பவில்லை. நாங்கள் நுழைந்த ஹோட்டலின் பெயர் வேண்டாம். மழையில் வரிசையில் நின்று, உட்கார்ந்து, முதல் வாய் வைத்தால் சாம்பாரில் வெல்லம்! என் கண்ணில் ஊர் நினைப்பு பொங்கும் என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், சிரித்து வைத்தேன். வெளியே நடைபாதையில் வாழையிலைக் கட்டும் முழம் போட்ட மல்லிகையும் கண்ணில் பட்டபோதுதான் நிஜமாகவே தொண்டை அடைத்தது. அதை அவள் பார்க்கவில்லை.

மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே ஒரு ரயில் பாதையும் அரை மணி நடையும்தான். ஆனால் மாமி பிறந்து வளர்ந்தது மும்பையிலேயே, தாராவிக்குள் கால் வைத்ததில்லை. தாராவியில் எனக்குப் பழக்கமான இட்லிக்கார ஆச்சிக்கு, கச்சேரி நடக்கும் சண்முகானந்தா ஹால் என்றால் என்னவென்று தெரியாது. 1963-லிருந்து அது அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் நிற்கிறது.

ஆச்சியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. 90 அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்துகளில் ஒன்றில் அவள் வீடு. ஊர் விழிக்கும் முன்னே இட்லிப் பானைகள் ஆவி விட ஆரம்பித்துவிடும். விடிந்ததும் மகன் அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கிக்கொண்டு கிளம்புவான். இப்படிச் சைக்கிளில் இட்லி விற்பவர்களை நகரம் முழுக்க ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறது. அண்ணாவின் ஊர் எது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆச்சி கேட்பாள்.

“எந்த ஊரு பிள்ள நீ?”

பாளையங்கோட்டை என்றேன்.

“அது டவுனுல்லா. ஒங்கப்பா பொறந்த ஊரு?”

“நாங்குநேரி பக்கம்.”

“பக்கம்னா?”

சொன்னேன். இட்லித் துணியை உதறிக்கொண்டே அடுத்ததை எடுத்து வைத்தாள்: “அங்க எந்தத் தெரு?”

தெருக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று நீயும் நானும் ஹாஸ்டல் மாடியில் சபதம் போட்டோமே. “எங்க ஊர்ல ஒரே தெருதான் ஆச்சி” என்றேன். அவள் சிரித்தாள். “ஒரே தெரு உள்ள ஊரு இன்னும் பொறக்கல பிள்ள.”

கோபம் வந்ததுதான். ஆனால் யோசித்துப் பார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே நம் சீமையிலிருந்து இங்கே தோல் பதனிட ஆட்கள் வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட வேலை அது. பிழைப்பைத் தேடி வந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தெருவிடமிருந்தே தப்பி வந்தவர்களோ! சதுப்பு நிலத்தில் குடிசை போட்டு, 1913-ல் பிள்ளையாருக்குக் கோயிலும் கட்டிவிட்டார்கள். ஆனால் சந்து சந்தாக ஊர்க்காரர்கள் சேர்ந்து குடியேறியபோது தெருவும் சத்தமில்லாமல் மூட்டைக்குள் வந்துவிட்டது. பொங்கலன்று 90 அடி ரோட்டில் பெண்கள் வரிசையாக அடுப்பு வைப்பார்கள், அன்றைக்கு யாரும் தெரு கேட்பதில்லை என்று ஆச்சி சத்தியம் செய்கிறாள். நம்ப ஆசைதான். ஜனவரியில் வந்து பார்த்தால் தெரியும்.

இப்போது தாராவியில் வேறு கேள்வி சுற்றுகிறது. சீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். அதானி நிறுவனமும் மகாராஷ்டிர அரசும் சேர்ந்த கம்பெனி. இவர்களுக்கு ஊரும் வேண்டாம், தெருவும் வேண்டாம். எந்த வருஷம் வந்தீர்கள், கீழ் வீடா மாடியா, அவ்வளவுதான். 2000 ஜனவரி 1-க்கு முன்பே இருந்த கீழ்வீட்டுக்காரருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். மாடியில் இருப்பவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, அதுவும் தவணைப் பணம் கட்டி. ஆச்சி கீழே, இரும்பு ஏணி ஏறினால் மகன் குடும்பம் மேலே. பானை ஒன்று, மாவு ஒன்று, கணக்கு மட்டும் ரெண்டு. வெளியே அனுப்ப ஒதுக்கிய இடங்களில் தேவனார் குப்பைமேட்டின் 124 ஏக்கரும் உண்டு. என் ஜன்னல் வழியே நாற்றம் வருகிறதே, அதே மேடுதான்.

“இந்திரா காந்தி செத்த வருஷம் வாக்கப்பட்டு வந்தேன்” என்கிறாள் ஆச்சி. அப்படியென்றால் 1984. காகிதம் எங்கே என்றால், 2005 ஜூலை 26-ஐக் காட்டுகிறாள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்தில் ரேஷன் கார்டு, கரண்டு பில் எல்லாம் கூழாகிப் போயிற்றாம்.

நேற்று விடைபெறப் போனேன். இட்லிப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். எங்கள் அப்பா ஊருக்கு நாலு கிலோமீட்டரில்தான் அவள் தங்கச்சி இருக்கிறாளாம். “நான் போட்ட இன்லாண்டு லெட்டரெல்லாம் அவ டிரங்குப் பெட்டியில கெடக்கும். தாராவி முத்திரை இருக்கும்லா? எடுத்து அனுப்புவியா?” அதிகாரிகள் கேட்பதோ வாக்காளர் பட்டியல் மாதிரியான சர்க்கார் காகிதம். உடம்பு சுகமா, மழை உண்டா என்று தங்கச்சிக்கு எழுதியதை எந்தக் கணக்கில் வைப்பார்கள்? செல்லாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அவள் ஊர் கேட்டதில் இப்படி ஒரு காரியமும் இருந்தது. அதனால் அந்தக் கேள்வியோடு நான் ராசியாகிவிட்டேன் என்று நினைக்காதே. ஊரைக் கேட்டது சரி, தெருவை எதற்குக் கேட்டாள்? தபால்காரருக்குக்கூட ஊரும் தங்கச்சி பெயரும் போதுமே!

வந்த அடுத்த ஞாயிறு நாங்குநேரி பஸ் ஏறுகிறோம். நீயும் வர வேண்டும், சாக்குச் சொல்லாதே. அந்தத் தங்கச்சி வாசலில் கால் வைத்ததும் நம்மையும் ஊர் கேட்பாள், அப்புறம் தெருவும் கேட்பாள். என்ன சொல்வதென்று பஸ்ஸில் பேசி முடிவெடுப்போம்.

இப்படிக்கு,
உன் பம்பாய்க்காரி