முதலில் கொடி, பிறகு மெஷின்

அக்டோபர் 19

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டுவிட்டது. சென்னை அடுக்ககங்களில் துணி துவைக்க ஒதுக்கியிருக்கும் இடத்தின் லட்சணத்தைச் சோதிக்க இதைவிடத் தோதான காலம் கிடையாது. சமையலறைக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு குழாய், ஒரு பிளக் பாயிண்ட், தண்ணீர் போக ஓர் ஓட்டை. வரைபடத்தில் அதற்கு ‘யூட்டிலிட்டி’ என்று பெயர். இதை அழகாக்க நினைப்பவர்கள் முன்மாதிரியாகக் கொள்ளும் வெளிநாட்டுப் படங்களில் வெள்ளை அலமாரிகளும் பிரம்புக் கூடைகளும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெஷின்களும் இருக்கும். ஒன்று துவைக்க, மற்றது உலர்த்த. அந்த இரண்டாவது மெஷினை நம்பித்தான் அந்த அறையே இயங்குகிறது; நம் வீடுகளில் பெரும்பாலும் அது இல்லை. படத்தை மட்டும் பார்த்துச் செய்துவைத்தால் மெஷின் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், ஈரத்துணி ஹாலில் நாற்காலி மேலும் கதவு மேலும் தொங்கும். ஆகவே துணி துவைக்கும் இடத்தைத் திட்டமிடுகிறவர் மெஷினில் அல்ல, கொடியில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்குக் கணக்கே சாட்சி. ஏழு கிலோ பருத்தித் துணியை மெஷின் நன்றாகப் பிழிந்து கொடுத்த பிறகும் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் தங்கியிருக்கும்; ஏறக்குறைய நான்கு லிட்டர். அத்தனையும் ஆவியாகிக் காற்றில் கலந்தாக வேண்டும். அதற்கு வேண்டிய வெப்பம் சுமார் இரண்டரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சித்திரையில் வெயிலும் காற்றும் இதைக் காசு வாங்காமல் செய்துவிடுகின்றன. ஐப்பசியில் வெயில் ஒளிந்துகொள்கிறது, காற்றிலும் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. துணி நெடுநேரம் ஈரமாகவே கிடந்தால் கிருமிகள் பெருகி அந்த முடைநாற்றம் வருகிறது. சலவைத்தூளை மாற்றினால் அது போகாது. காற்று ஓடினால் போகும்.

அக்டோபர் 21

கொடிக்கு அளவு எது? நம் ஊரில் புடவையையே அளவுகோலாக வைக்கலாம். நீளம் ஐந்தரை மீட்டர், அகலம் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதை நாலாய் எட்டாய் மடித்து ஒரே கம்பியில் போட்டால் வெளி மடிப்பு காயும், உள் மடிப்பு மறுநாளும் சில்லென்று இருக்கும். அதே புடவையை நீளவாக்கில் அடுத்தடுத்த மூன்று கம்பிகள் மேல் ஏற்றி இறக்கி, ஒவ்வொரு பக்கமும் தொண்ணூறு சென்டிமீட்டர் தொங்கவிட்டால் முழுப் புடவையும் மடிப்பே இல்லாமல் விரிந்துவிடும். ஆக, கம்பி நான்கடிக்குக் குறையக் கூடாது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். கூரையில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் கம்பி ஒவ்வொன்றாக இறங்கும் கப்பிக் கொடி இதற்குப் பொருத்தம். தரையில் ஓர் அங்குலமும் போகாது, எம்பிக் கையை உயர்த்தவும் வேண்டாம். காற்று ஒரு பக்கம் ஜாலி வழியே நுழைந்து, துணிக்கு நடுவே புகுந்து, எதிர்ப்பக்கம் கூரையோரம் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் வழியே வெளியேற வேண்டும். ஃபேனையும் ஜாலியையும் ஒரே சுவரில் வைத்தால் காற்று குறுக்குவழியில் போய்விடும், துணியைத் தொடாது.

அக்டோபர் 24

மறுப்புகளையும் பார்க்க வேண்டும். மொட்டை மாடி இருக்கிறதே என்பது முதல் மறுப்பு. இருக்கிறது; வெயில் காலத்தில் அதற்கு நிகரில்லை. ஆனால் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறும் வேலை யார் தலையில் விழுகிறது? 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். மாடி இருக்கட்டும், ஆனால் அதை நம்பி வீட்டுக்குள் கொடி இல்லாமல் விட்டுவிடக் கூடாது. டிரையர் வாங்கினால் தீர்ந்தது என்பது இரண்டாவது மறுப்பு. துவைத்து உலர்த்தும் இரட்டை மெஷின்களில், எட்டு கிலோ துவைப்பது பொதுவாக ஐந்து கிலோ அளவுக்குத்தான் உலர்த்தும். மிச்சம் கொடிக்குத்தான் வரும். பட்டையும் ஜரிகையையும் அதில் போடவும் முடியாது. மழைக்காலத்துக்கு டிரையர் நல்ல துணை. கொடிக்கு மாற்று அல்ல. இடமே இல்லையே என்பது மூன்றாவது. இந்த மறுப்பு என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. சின்ன இடத்தில் வீணாகக் கிடப்பது தலைக்கு மேலுள்ள வெளிதான், அங்கே ஆள் உயரத்துக்கு மேல் கொடி கட்டலாம்.

அக்டோபர் 27

கொடி முடிவான பிறகு மெஷின் தன் இடத்தைத் தானே சொல்லும். முன்பக்கம் திறக்கும் மெஷின் அறுபது சென்டிமீட்டர் அகலம், எண்பத்தைந்து உயரம். அதற்கு மேலே மூன்றடி உயரத்தில் கடப்பைக் கல்லோ கிரானைட்டோ பதித்தால் துணி மடிக்க மேடை கிடைத்தது. மேல்பக்கம் திறப்பதானால் அந்த மேடையை மறந்துவிட வேண்டும். தண்ணீரைச் சூடாக்கும் மெஷின் 2000 வாட் வரை இழுக்கும் என்பதால் எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக வேண்டும். ஈரத்தில் நிற்கும் இடம் என்பதால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். மேல்மாடி வீட்டுக்காரர்கள் டேங்கின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். குழாய்க்கு மேல் மூன்று மீட்டர் உயரத்தில் டேங்க் இருந்தால் அழுத்தம் 0.3 பார்தான், அதற்கும் குறைந்தால் பல மெஷின்கள் தண்ணீர் வரவில்லை என்று நின்றுவிடும். போர் தண்ணீர் உப்பானால் ஹீட்டரில் காறை படியும். சலவைத்தூளும் கூடுதலாகச் செலவாகும்.

இதில் அழகு எங்கே என்று கேட்கலாம். தரை வாட்டம் சரியாக இருந்து தண்ணீர் தேங்காமல் ஓடினால், வழுக்காத டைல்ஸ் இருந்தால், அழுக்குத்துணிக் கூடை காற்றுப் புகும்படி இருந்தால், கூரையில் பூஞ்சணம் பூக்காமல் இருந்தால், பாதி அழகு வந்துவிட்டது. மீதி வெளிச்சம். வெளிர்நிறச் சுவரும் நல்ல ஒரு விளக்கும் கறை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். அலமாரி, கூடை, செடி எல்லாம் அதற்குப் பிறகு அவரவர் விருப்பம். வீடு கட்டுகிறவர்களும் வாங்குகிறவர்களும் கட்டுநரிடம் மெஷின் எங்கே வரும் என்று கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: கார்த்திகை மாதத்தில் ஒரு புடவை இந்த வீட்டில் எங்கே காயும்? அதற்குப் பதில் இல்லாத வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.