எந்த மலை என்று கேட்பானேன்?

மலைவாழ் மக்கள் என்றவுடன் நம்மில் பலருடைய மனக்கண்முன் ஒரே வகையான உருவம்தான் தோன்றுகின்றது. அவர்கள் அனைவருக்கும் மொழி ஒன்று, தொழில் ஒன்று, வழக்கம் ஒன்று என்று நாமாகவே எண்ணிக்கொள்கிறோம். நெல்வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, கீரப்பாளையத்தில் வாழ்ந்துவரும் நமக்கு மலை என்பதே தொலைவிலுள்ள பொருள். ஆயினும், அம்மலையைப் பற்றி நாம் கொண்டுள்ள தவறான எண்ணம் நம் ஊர் வயலோரத்துக் குடும்பங்கள் சிலவற்றின் வாழ்வையே பாதிக்கின்றது. ஆதலின் இதனைச் சற்று ஆராய்வது நலமாகும்.

நீலகிரியை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு மலைநாட்டுக்குள் எத்தனை இனங்கள்! மேட்டுப் புல்வெளிகளில் எருமை மேய்த்து, பால் கடையும் இடத்தையே கோயிலாகப் போற்றுவோர் தோடர். ஏழு ஊர்களில் வாழ்ந்து, கொல்லு வேலை, தச்சு, மட்பாண்டம், இசை ஆகியவற்றில் தேர்ந்தவர் கோத்தர். காட்டுத் தேனும் மூலிகையும் அறிந்தவர் குறும்பர். கீழ்ச் சரிவுகளில் இருளர். கூடலூர்ப் பக்கம் பணியரும் காட்டுநாயக்கரும். இவர்களோடு, மைசூர்ப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறி உழவு செய்துவரும் படகர். அமெரிக்கப் பேராசிரியர் எமனோ 1930களில் அம்மலையில் தங்கி ஆராய்ந்து, தோடர் மொழியும் கோத்தர் மொழியும் திராவிடக் குடும்பத்தின் தனித்தனி மொழிகள் என்பதை உலகறியச் செய்தார்.

இத்தனை வேறுபாடுகளுக்கிடையே இவர்கள் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்ந்தனர். தோடர் நெய் தந்தனர். படகர் தானியம் தந்தனர். கோத்தர் அரிவாளும் பானையும் தந்து, பிறர் வீட்டு இழவுக்கும் வந்து குழலூதினர். குறும்பர் தேன் தந்தனர். இதனைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிடவும் இயலாது. குறும்பரின் மாந்திரீகத்துக்கு அஞ்சி அவர்களைக் கொன்ற கொடுமைகளும் 19-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்துள்ளன. எனினும், அண்டை இனம் யாது, அதன் வழக்கம் யாது என்பதை ஒவ்வோர் இனமும் நன்கறிந்திருந்தது. 1819-இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய பின்னர் சந்தையும் தோட்டப் பயிர்களும் பெருகின. பழைய கொடுக்கல் வாங்கல் படிப்படியாகக் குன்றியது.

இங்கே வாசகர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மேலே கூறிய இனங்களுள் படகர் மலையிலேயே வாழ்பவர். ஆயினும் பட்டியல் பழங்குடியினர் வரிசையில் அவர்கள் இல்லை. தம்மைச் சேர்க்குமாறு அவர்கள் நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர். இருளரோ, மலையில் இருப்பினும் சமவெளியில் இருப்பினும், தமிழகம் முழுவதும் அப்பட்டியலில் உள்ளவர்கள். அஃதாவது, சட்டம் மலையை அளவுகோலாகக் கொள்ளவில்லை. நாம்தாம் கொள்கிறோம்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் தோடர் சுமார் 2,000 பேர்; இருளர் 1,89,000-க்கும் மேற்பட்டோர். இவ்விருளரில் பெரும்பாலோர் செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம், கடலூர் முதலிய சமவெளிப் பகுதிகளில் வாழ்பவர்கள். நீலகிரி இருளரின் பேச்சைச் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1970களில் ஆராய்ந்து, அதனைத் தனி மொழியாகவே விவரித்தார். சமவெளி இருளரோ நம்மைப் போலத் தமிழ் பேசுகின்றனர். பெயர் ஒன்றாயினும் வாழ்வு வேறு.

நம் பகுதியில் நெல் முற்றும் காலத்தில் அவர்களை வயல் வரப்புகளில் காணலாம். எலி வளையைக் கண்டறிந்து, பானையில் புகை மூட்டி ஊதி, எலியைப் பிடிப்பார்கள். வளைக்குள் எலி சேர்த்த நெல் அவர்களுக்குக் கூலி. கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழிகளில் இடுப்பளவு நீரில் இறங்கி, வலையின்றிக் கையாலேயே இறாலும் நண்டும் பிடிப்பவர்களும் இவர்களே. 1978-இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் பாம்பு நஞ்சிலிருந்தே விஷமுறிவு மருந்து செய்யப்படுகின்றது. அத்தொழிலில் தேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இத்தகைய மக்களில் ஒருவர், நம் வயலில் எலி பிடிப்பவர், சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்தார். மகள் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தாள். மேற்படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. "பாய், நீங்க கூட வந்து ஒரு வார்த்தை சொன்னா நல்லாருக்கும்" என்றார். ஓர் அலுவலகத்துக்கு உடன் சென்றோம். அங்கிருந்தவர் மனுவைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "நீ எந்த மலை?" என்பதுதான்.

"மலையா சாமி? வீராணத்துக் கரைதான் நாங்க பாத்த மேடு" என்றார் அவர்.

மனு திருப்பியளிக்கப்பட்டது. நாம் எடுத்துச் சொன்னதும் பயன்படவில்லை. பழங்குடிச் சான்றிதழ் வழங்குபவர் கோட்டாட்சியர். அவர் கைக்குக் காகிதம் போய்ச் சேருமுன் எத்தனை மேசைகள்! இரண்டாண்டு கழித்துச் சான்றிதழ் வந்தது. அதற்குள் அச்சிறுமி பெற்றோருடன் செங்கல் சூளைக்கு வேலைக்குச் சென்றுவிட்டாள்.

நீலகிரியின் இனங்களைப் பாடநூலில் மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகள், வரப்பில் எலி பிடிப்பவர் யார் என்று அறியாமலே வளர்கின்றனர். அப்பிள்ளைகளுள் சிலர் பின்னாளில் மேசைக்குப் பின்னால் அமர்ந்து அதே கேள்வியைக் கேட்கக்கூடும். ஆதலின், எழுத்தறிந்த நாம் நம் அண்டையில் வாழும் இருளர் குடும்பங்களின் விவரங்களை இன்றே கேட்டறிந்து, பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே மனுவை எழுதிக் கொடுப்போமாக. பத்தாம் வகுப்பு முடியும்வரை காத்திருத்தல் கூடாது.